கம்பெனிப் பட்டாளமும் நம்ம ஊர் மலையும்

நடுவர் அவர்களே! இவன் எந்த இடத்தில் தடுக்கி விழுவான் என்று துண்டுச் சீட்டில் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! முன்வரிசையில் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே! ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிற அன்பர்களே! இராஜபாளையத்துப் பெருமக்களே! 

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் வருகிறார்கள் என்றால் கையில் பால்கோவா இருக்கும் என்று மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். எதிரணி எனக்கு முன்னாலேயே போய்விட்டது. வெள்ளைக்காரன் பக்கம் பேசுகிறவர்கள் அல்லவா, கிடைப்பதை முதலில் எடுத்துக்கொண்டுதான் மறுவேலை பார்ப்பார்கள். (சிரிப்பு)

"நம் மண்ணுக்கு வந்த வெள்ளைக்காரப் படைவீரர்களும், நாடு அளக்க வந்தவர்களும் விட்டுச் சென்றது பெரிதும் வடுவா, வளமா?" இதுதான் தலைப்பு. வடுவே என்று பேசச் சொல்லி என்னை அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசிய தங்கை பென்னிகுவிக் துரையைக் கொண்டுவந்து இந்த மேடையில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நானும் தட்டினேன். தட்டாவிட்டால் தேனிப் பக்கம் நான் காலெடுத்து வைக்க முடியாது. அவரிடம் கடைசியில் வருகிறேன். அவரை விட்டுவிட்டு ஓடமாட்டேன்.

முதலில் உங்களை ஒரு பஸ்ஸில் ஏற்றுகிறேன். இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் தென்காசிக்குப் போகிற வண்டி நிற்கும். கண்டக்டர் என்ன கூவுவார்? "சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி!" நாம் சீட்டுக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு ஏறுவோம். ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டே ஒரு தூக்கம் போடுவோம். அய்யா, அந்தக் கண்டக்டர் கூவுவது வெறும் ஊர்ப் பெயர்கள் இல்லை. இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கும்பினிக்காரன் கடிதத்தில் எழுதி எழுதி லண்டனுக்கு அனுப்பிய பெயர்கள் அவை. ஒவ்வொரு ஸ்டாப்பிங்கும் ஒரு போர்க்களம். நாம் மூன்று ரூபாய்ச் சில்லறைக்காகக் கண்டக்டரோடு சண்டை போடுகிற இடத்தில், நம் பாட்டன் பீரங்கியோடு சண்டை போட்டிருக்கிறான்.

1755-ஆம் வருஷம் கர்னல் ஹெரான் என்று ஒருவர் புறப்பட்டு வந்தார். ஆர்க்காட்டு நவாபுக்கு வரி வசூல் பண்ணிக் கொடுக்கிற வேலை. கூட வந்த பட்டாளத்தில் வெள்ளைச் சிப்பாய் 500 பேர், நம்ம ஊர்ச் சிப்பாய் 2000 பேர். இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளைக்காரனுக்கு நாலு நம்மாள். இன்றைக்கு நான் பேசப்போகிற பேச்சு முழுக்க அந்த நாலு பேரைப் பற்றித்தான்.

ஹெரான் நேராக நெற்கட்டும்செவலுக்குப் போனார். பூலித்தேவரிடம் 20,000 ரூபாய் கொடு என்றார். தேவர் தரவில்லை. "நெற்கட்டும் செவல் இல்லைய்யா, அது நெல் கட்டான் செவல்" என்று அந்தப் பக்கம் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. கோட்டை மண் கோட்டைதான். ஆனால் அதை உடைக்கிற பெரிய பீரங்கி ஹெரானிடம் இல்லை. சிப்பாய்க்குச் சம்பளம் கொடுக்கக் காசில்லை. சோறு தட்டுப்பாடு. கர்னல் வந்த வழியே மதுரைக்குத் திரும்பிவிட்டார்.

முதலில் தெற்கே வரும்போது சும்மா வந்தாரா? மதுரைக்குப் பக்கத்தில் கோயில்குடியில் ஒரு கோயிலுக்குள் படையை விட்டுச் சாமி சிலைகளைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டார். பணம் கொடுத்து மீட்டுக்கொள்ளுங்கள் என்று பேரம். சாமியை அடகு வைத்துக் காசு கேட்ட கடைக்காரரை அதற்கு முன்னால் இந்த ஊர் பார்த்ததில்லை. (சிரிப்பு) மே மாதக் கடைசியில் பட்டாளம் நத்தம் கணவாய் வழியாக ஊர்ந்து போகிறது. இரண்டு பக்கமும் காடு. கள்ளர் நாட்டு வீரர்கள் பாய்ந்தார்கள். வாயில் என்ன முழக்கம் தெரியுமா? "சாமி, சாமி!" ராபர்ட் ஓர்ம் என்று கும்பினியின் வரலாற்றை எழுதியவர், வெள்ளைக்காரர்தான், அவரே எழுதி வைத்திருக்கிறார். சிலைகளை மீட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ஹெரானைச் சென்னையில் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி வேலையை விட்டே நீக்கினார்கள். வளம், வளம் என்கிறீர்களே தங்கை, முதல் வண்டியிலேயே நம் சாமியல்லவா ஏறியிருந்தது!

இனி அந்த நாலு பேரில் ஒருவனைச் சொல்கிறேன். அதே கணவாயில், அதே படையில், சிப்பாய்களுக்குத் தலைவனாக நின்றவன் ஒரு தமிழன். இராமநாதபுரம் சீமையில் பனையூரில் பிறந்தவன். மருதநாயகம் என்பது பிறந்த பெயர் என்பார்கள். பிறகு முகமது யூசுப் கான். நம் பாட்டிமார் வாயில் கான்சாகிபு. இந்த ஒரு மனிதனின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் இந்தப் பட்டிமன்றமே தேவையில்லை என்று சில நேரம் எனக்குத் தோன்றும்.

திருச்சிராப்பள்ளி முற்றுகையில் கும்பினிக்கு உயிரைக் கொடுத்து உழைத்தான். லாரன்ஸ் என்கிற தளபதி மெச்சினார். கும்பினிச் சிப்பாய்கள் அத்தனை பேருக்கும் கமாண்டன்ட் ஆக்கினார்கள். தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். அவனும் வாங்கிய பதக்கத்துக்கு வஞ்சகம் பண்ணவில்லை. பண்ணியிருக்கலாம் என்று நான் ஏங்குகிறேன், ஆனால் பண்ணவில்லை. ஹெரானால் முடியாததை இவன் முடித்தான். 1761 மே மாதம் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்று கோட்டையும் இவன் கைக்கு வந்தன. பூலித்தேவரை வீழ்த்தியது வெள்ளைக்காரக் கர்னல் இல்லை அய்யா, நம்ம ஊர்க் கமாண்டன்ட்! இந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோட்டையும் அந்தச் சண்டைகளில் இவன் பக்கம், அவன் பக்கம் என்று கைமாறிக் கைமாறி வந்ததுதான். ஆண்டாள் கோபுரத்துக் கிளிகள் எத்தனை கொடியைப் பார்த்திருக்குமோ!

அப்புறம் என்ன ஆயிற்று? மதுரையை ஆளக் கொடுத்தார்கள். ஆண்டான். கொள்ளையை ஒடுக்கினான். கோயில் மானியங்களைத் திரும்ப நடத்தினான். கண்மாய்களைச் செப்பனிட்டான். வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம் என்று ஒரு ஊர் இருக்கிறது, உங்களுக்கெல்லாம் தெரியும். அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு இவன் ஞாபகம்தான் வரும். ஆள ஆள அவனுக்கு ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும்: "வரி வாங்குகிறவன் நான், வாள் பிடிக்கிறவன் நான், நடுவில் நவாபு யார், கும்பினி யார்?" 1763-இல் தன் கொடியை ஏற்றினான். பதக்கம் கொடுத்தவர்களே பீரங்கி கொண்டு வந்தார்கள். மாதக்கணக்கில் முற்றுகை. கோட்டை விழவில்லை. கூட இருந்தவர்கள் விழுந்தார்கள். மர்ச்சந்த் என்கிற பிரெஞ்சுக்காரன், சீனிவாசராவ் என்கிற திவான், சொந்த ஆட்கள் சிலர். தொழுகையில் இருந்தபோது தலைப்பாகைத் துணியாலேயே கட்டினார்கள் என்பது மக்கள் வழக்கு. 1764 அக்டோபர் 15. மதுரையில் தூக்கில் போட்டார்கள். கயிறு இரண்டு தரம் அறுந்து மூன்றாம் தரம்தான் உயிர் போயிற்று என்றும், செத்த பிறகும் பயந்துகொண்டு தலையை ஒரு ஊரிலும் கையை ஒரு ஊரிலும் காலை ஒரு ஊரிலும் புதைத்தார்கள் என்றும் சொல்லுவார்கள். மதுரை சம்மட்டிபுரத்தில் ஒரு சமாதி இருக்கிறது. நான் போயிருக்கிறேன். உள்ளே சாம்பிராணி மணம். வெளியே ஆட்டோ சத்தம்.

இதில் ஒரு வேடிக்கை. 1997 அக்டோபரில் இங்கிலாந்து மகாராணி சென்னைக்கு வந்தார். கமல்ஹாசன் "மருதநாயகம்" என்று படம் தொடங்கினார் பாருங்கள், அந்தத் தொடக்க விழாவுக்கு மகாராணியே வந்து உட்கார்ந்தார். யாருடைய படம்? அவர் நாட்டுக் கும்பினி தூக்கில் போட்டவன் படம்! அந்தப் படமும் பாவம், கான்சாகிபு மாதிரியே பாதியில் நின்றுபோனது. (சிரிப்பு, கைதட்டல்)

இப்போது எதிரணித் தம்பி ஒருவர் கேட்டார், "எல்லா வெள்ளைக்காரனும் கெட்டவனா சார்?" என்று. நல்ல கேள்வி. இல்லை தம்பி. கெட்டவனாக இருந்தால் இந்தக் கதை எளிதாகப் போயிருக்கும். நல்லவன் ஒருவனைச் சொல்கிறேன், அதுதான் எனக்குத் தூக்கம் கெடுக்கிற கதை.

ஜேம்ஸ் வெல்ஷ். சின்ன வயசில் கும்பினிப் படையில் சேர்ந்து இங்கே வந்தவர். 1830-இல் தன் ராணுவ நினைவுகளை இரண்டு பாகமாக அச்சிட்டார். 1795-இல் அவர் இளைஞர். சிவகங்கைச் சீமைக்குப் போகிறார். சின்ன மருதுவைப் பார்க்கிறார். சின்ன மருது அவரை விருந்தாளியாக நடத்துகிறார். அதோடு விடவில்லை. ஈட்டி எறிவது எப்படி, வளரி வீசுவது எப்படி என்று கற்றுக் கொடுக்கிறார். நம்ம ஊரில் வீட்டுக்கு வந்த பையனுக்குச் சோறு போட்டுவிட்டு, "கையை இப்படிப் பிடிடா" என்று வித்தையும் சொல்லிக் கொடுத்து அனுப்புவோமே, அந்த மாதிரி. எனக்கு இவர்தான் கற்றுக் கொடுத்தார் என்று வெல்ஷ் மறைக்காமல் எழுதுகிறார்.

ஆறு வருஷம். ஆறே வருஷம். 1801. அதே வெல்ஷ், கர்னல் அக்னியூவின் படையில் மருது சகோதரர்களை வேட்டையாட வருகிறார். வளரி சொல்லிக் கொடுத்தவரைத் தொடையில் காயத்தோடு பிடித்து, அக்டோபர் 24-ஆம் தேதி திருப்புத்தூரில் தூக்கில் போட்டார்கள். அண்ணன், தம்பி, கூட நின்றவர்கள், இளம் பிள்ளைகள் எல்லாரையும். வெல்ஷ் வருத்தப்பட்டு எழுதுகிறார். நான் அந்த வருத்தத்தை நம்புகிறேன். பொய் வருத்தமாக இருந்தால் முப்பது வருஷம் கழித்து எழுதியிருக்கமாட்டார். ஆனால் வருத்தப்பட்ட கைதானே அன்றைக்குத் துப்பாக்கியும் பிடித்தது!

கதை அதோடு முடியவில்லை. சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி. பதினைந்து வயசு. 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பல் ஏற்றினார்கள். எழுபதுக்கு மேற்பட்ட பேரை மொத்தமாகப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். பதினைந்து வயசு என்றால் நம்ம வீட்டில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிற பையன். 1818-இல் வெல்ஷ் பினாங்குக்குப் போகிறார். அங்கே ஒருவர் அவரைப் பார்க்க வருகிறார். தளர்ந்து, கிழவர் மாதிரி. வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. யார் என்று கேட்டால், துரைச்சாமி! அப்போது அவருக்கு முப்பது வயசைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். ஒரு காலத்தில் சீமையை ஆண்ட வீட்டுப் பிள்ளை. அப்பாவிடம் வளரி கற்றுக்கொண்ட மனிதர் முன்னால், அடையாளம் தெரியாமல் நிற்கிறார். தாய்மார்களே, வடு என்றால் அது. அந்த மனிதர் மேல் இருந்த வடுவைச் சொல்கிறேன். வெல்ஷ் மனசில் இருந்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, பட்டாளக்காரர் போதும். நாடு அளக்க வந்தவர்களைப் பார்ப்போம். இதில் எதிரணிக்கு நான் கொஞ்சம் விட்டுக் கொடுக்கத்தான் வேண்டும். லாம்டன் என்று ஒரு ராணுவ அதிகாரி. 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் சங்கிலியைப் போட்டு அளக்க ஆரம்பித்தவர். முக்கோணம் முக்கோணமாக இந்தத் தேசத்தை அளந்தார். அவரிடம் இருந்த கருவி, தியோடலைட், அரை டன் எடை. தஞ்சாவூரில் சமவெளி, மலை கிடையாது. எங்கே ஏறிப் பார்ப்பது? 1808-இல் பெரிய கோயில் விமானத்தின் மேலே கருவியைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி நொறுங்கியது. வேறொருவராக இருந்தால் கப்பல் ஏறி ஊருக்குப் போயிருப்பார். இந்த மனிதர் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு ஆறு வாரம் உட்கார்ந்து தானே சரிபண்ணினார். குமரி வரைக்கும் அளந்தார். எழுபது வயசில், வேலையில் இருக்கும்போதே, மகாராஷ்டிரத்தில் இங்கன்காட் என்கிற ஊரில் இறந்தார். உழைப்பாளி. கும்பிடுகிறேன்.

ஆனால் அந்தக் கயிற்றை இழுத்தது யார்? அரை டன் பெட்டியைத் தஞ்சாவூரிலிருந்து குமரி வரைக்கும் தலையிலும் தோளிலும் தூக்கி வந்தது யார்? மலை உச்சியில் ராத்திரி முழுக்க விளக்கைப் பிடித்துக்கொண்டு கொடியாளாக நின்றது யார்? துரை கண்ணாடி வழியாகப் பார்த்தால் நம்ம வீட்டுப் பெண்கள் தெரிவார்கள் என்று ஊர்க்காரன் கல்லெறிந்தபோது அந்தக் கல்லை வாங்கியது யார்? லாம்டன் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. இவர்கள் பெயர் எங்கேயாவது இருக்கிறதா?

நம்ம மலைக்கு வருகிறேன். 1816-இலிருந்து 1820 வரைக்கும் வார்டு, கானர் என்று இரண்டு லெப்டினன்டுகள் திருவிதாங்கூர், கொச்சி நாடு முழுக்க அளந்தார்கள். நம்ம மலைக்கு அந்தப் பக்கம் அவர்கள் நடந்தது. நல்ல வேலை. இன்றைக்கும் ஆராய்ச்சிக்காரர்கள் அதைப் புரட்டாமல் இருக்க முடியாது. ஆனால் செண்பகத்தோப்பிலும் சதுரகிரிப் பக்கத்திலும் இருக்கிற பளியர் மக்களுக்கு அந்த மலையை யாராவது அளந்து காட்ட வேண்டுமா? எந்தப் பாறையில் தேன் இருக்கும், எந்த ஓடையில் சித்திரையிலும் தண்ணி கசியும் என்று அவர்கள் தாத்தனுக்குத் தாத்தன் அறிந்தது. துரைமார் "கண்டுபிடித்தார்கள்" என்று நாம் எழுதுகிறோம். காட்டிக் கொடுத்தவன் முன்னால் நடந்து போனான். கண்டுபிடித்தவர் பின்னால் வந்தார்!

இப்போது வாருங்கள், பென்னிகுவிக் துரை. தங்கை, நான் ஓடவில்லை பாருங்கள்.

பெரியாறு எங்கே பிறக்கிறது? சிவகிரி மலைத்தொடரில். அதாவது இந்த அரங்கத்தின் பின்வாசலைத் திறந்தால் தெரிகிறதே, அந்த மலையின் முதுகுப் பக்கம். மழையெல்லாம் முதுகில் கொட்டி மேற்கே கடலுக்கு ஓடியது. முகம் காய்ந்து கிடந்தது. அதைத் திருப்பினால் என்ன என்று முதலில் நினைத்தது யார்? பென்னிகுவிக் இல்லை. எந்த வெள்ளைக்காரனும் இல்லை. 1789-இல் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. அவர் என்ன பண்ணினார்? பன்னிரண்டு ஆட்களைப் பொறுக்கியெடுத்து மலைக்கு அனுப்பினார். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், தண்ணியைத் திருப்ப முடியுமா என்று. சர்வே சங்கிலி கிடையாது, கொசுவலை கிடையாது, காய்ச்சலுக்கு மாத்திரை கிடையாது. யானைக்காடு. போனார்கள், பார்த்தார்கள், வந்து சொன்னார்கள்: முடியும். சமஸ்தானத்தில் பணம் இல்லை, காரியம் நின்றது. 1808-இல் கால்டுவெல் என்று ஒரு கும்பினிக் காப்டன், நம்ம பிஷப் கால்டுவெல் இல்லை, இவர் வேறு, வந்து பார்த்துவிட்டு, இது வெறும் பகற்கனவு, இதைப் பற்றி இனிமேல் பேசவே வேண்டாம் என்று அறிக்கை கொடுத்தார். பன்னிரண்டு பேர் முடியும் என்றது சரியா, காப்டன் முடியாது என்றது சரியா? 1895-இல் தண்ணீர் பதில் சொன்னது. (கைதட்டல்)

அந்தப் பன்னிரண்டு பேர்தானய்யா இந்த மலையின் முதல் ஆய்வுப் பயணிகள்! லிவிங்ஸ்டன் நைல் நதியின் மூலத்தைத் தேடினார் என்று நம் பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். பெரியாற்றின் கரையைத் தேடிப் போன பன்னிருவர் பெயரை யாரும் படிப்பதில்லை. எழுதி வைத்தால்தானே படிக்க?

பென்னிகுவிக்கைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. அவர் கதையே ஒரு பட்டாளத்துக் கதைதான். 1841 ஜனவரி 15-ஆம் தேதி புனாவில் பிறந்தார். அப்பா பிரிகேடியர். 1849 ஜனவரி 13-இல் பஞ்சாபில் சிலியன்வாலா போர். சீக்கியர் படை கும்பினிப் படையைச் சிதறடித்தது. பிரிகேடியர் விழுந்தார். அப்பாவின் உடலை விட்டு நகரமாட்டேன் என்று நின்ற மகனும், பதினேழு வயசு, அங்கேயே விழுந்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். நம்ம பென்னிகுவிக்குக்கு எட்டாவது பிறந்த நாள் வர இரண்டு நாள் இருக்கிறது. அப்பாவும் போய்விட்டார், அண்ணனும் போய்விட்டான். அந்தப் பிள்ளை வளர்ந்து ராணுவ எஞ்சினியர் ஆகி, 1860-இல் இதே நாட்டுக்குக் கப்பல் ஏறி வந்தான். சாகடித்த நாடு என்று வெறுத்திருக்கலாம். அணை கட்டினான். இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நனைகிறது. வடு அணியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லக்கூடாதுதான், நடுவர் மதிப்பெண் குறைத்தாலும் பரவாயில்லை.

ஆனால் சர்க்கார் ஏன் அணை கட்டியது? 1876-லிருந்து 1878 வரை தாது வருஷப் பஞ்சம். இலட்சக்கணக்கில் ஜனம் செத்தது. நிலம் தரிசானால் வரி யார் கொடுப்பான்? 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூரோடு ஒப்பந்தம். 8000 ஏக்கர், 999 வருஷக் குத்தகை. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது! அதற்குள் போய்விடுவோம் என்று அவனுக்கு ஒரு சந்தேகம்கூட வரவில்லை பாருங்கள்! (சிரிப்பு) 1887-இல் வேலை தொடங்கியது. சுண்ணாம்பும் சுர்க்கியும். சுர்க்கி என்றால் செங்கல் சுட்டு இடித்த தூள். ஆற்றுப் படுகையிலிருந்து 155 அடி உயரம். வெள்ளம் வந்து கட்டினதை அடித்துக்கொண்டு போயிற்று. திரும்பக் கட்டினார்கள். மலையைக் குடைந்து ஐயாயிரத்து எழுநூறு அடி நீளத்துக்குச் சுரங்கம். 1895 அக்டோபர் 10-ஆம் தேதி கவர்னர் வென்லாக் திறந்து வைத்தார்.

பென்னிகுவிக் தன் சொத்தை விற்றுக் கட்டினார் என்று நாம் எல்லாரும் சொல்லுவோம். நானே ஐம்பது மேடையில் சொல்லியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். பிறகு இதை ஆராய்ந்தவர்கள், அதற்கு ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். அன்றிலிருந்து நான் சொல்வதில்லை. சொத்தை விற்கவில்லை என்றால் மட்டும் அவர் சின்னவராகிவிடுவாரா? எட்டு வருஷம் மலைக்காய்ச்சல் காட்டில் நின்றாரே, அது போதாதா? அவர் விற்றாரோ இல்லையோ, தன்னையே விற்றவர்கள் அங்கே இருந்தார்கள். கூலிக்கு வந்தவர்கள். கம்பத்துப் பள்ளத்தாக்கிலிருந்து, மதுரைப் பக்கத்திலிருந்து, எங்கிருந்தெல்லாமோ நடந்து வந்தவர்கள். காலராவும் மலேரியாவும் காத்துக்கொண்டு இருந்தன. நோயில் மட்டும் 483 பேர் செத்தார்கள் என்று கணக்கு. நானூற்று எண்பத்து மூன்று. அணைக்குப் பக்கத்திலேயே புதைத்துவிட்டு மறுநாள் காலையில் சுண்ணாம்பு குழைத்திருக்கிறார்கள்.

ஒரு தரம் என் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது ஒரு பெயர் வந்தது. பென்னிகுவிக். கிறிஸ்தவப் பையன் போல என்று நிமிர்ந்து பார்த்தேன். நெற்றியில் பளிச்சென்று விபூதி. "யாருடா வச்ச பேரு?" என்றேன். "எங்க தாத்தா சார். எங்க வயலுக்குத் தண்ணி வந்தது அவராலதானாம்" என்றான். அந்த நன்றிக்கு முன்னால் நான் எந்த அணியில் நின்று என்ன பேச? லோயர் கேம்பில் 2013 ஜனவரியில் மணிமண்டபம் திறந்தார்கள். பொங்கலுக்கு அவர் பிறந்த நாள் என்று பானை வைத்துக் கொண்டாடுகிறார்கள். 2022-இல் இங்கிலாந்தில் கேம்பர்லியில் அவருக்குத் தமிழ்நாடு அரசே சிலை வைத்தது. நாம் அங்கே போய் வைத்தோம் அய்யா, அவர்கள் வைக்கவில்லை. நன்றி சொல்வதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் அந்தப் பையனிடம் இன்னொரு கேள்வி கேட்டேன். "உங்க தாத்தாவோட தாத்தா அணை வேலைக்குப் போனாரா?" யோசித்தான். "போயிருப்பாரு சார். செத்துட்டாருன்னு சொல்லுவாங்க." "பேரு என்ன?" "தெரியல சார்." தன் பெயரில் துரை இருக்கிறார். தன் பாட்டன் பெயர் தெரியவில்லை. பையன் மேல் குற்றமில்லை. நான் கேட்கிற வடு இதுதான் தங்கை. முதுகில் விழுந்த பிரம்படி ஆறிவிடும். நம்மாள் பெயர் எதுவென்று நமக்கே மறந்துபோனது ஆறாது.

இன்னொன்று. அந்தத் தண்ணி கம்பம் போகிறது, மதுரை போகிறது, சிவகங்கை போகிறது, இராமநாதபுரம் போகிறது. மகராசியாகப் போகட்டும். ஆறு பிறந்த மலையடியில் இருக்கிற இராஜபாளையம் கண்மாய்க்கு அதில் ஒரு செம்பு கிடையாது. நமக்கு அய்யனார் கோயில் மலைத் தண்ணியும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும் விட்டால் வானம்தான். "வளம்" என்று கை தட்டினீர்களே, யாருக்கு என்று கேட்டுவிட்டுத் தட்டியிருக்கலாம். (சிரிப்பு)

பாளையக்காரர் சண்டைகளில் நம்ம ராஜபாளையம் நாய்கள் வெள்ளைக்காரன் குதிரைகள் மேல் பாய்ந்தன என்று ஊரில் சொல்லுவார்கள். 2005 ஜனவரியில் அந்த நாய்க்குத் தபால்தலை வெளியிட்டார்கள். எனக்கு மெத்த மகிழ்ச்சி. அன்றைக்கு ஹெரானோடு வந்த அந்த 2000 சிப்பாய்களில் எத்தனை பேர் எந்த மண்ணில் கிடக்கிறார்களோ.

நடுவர் மணி மேல் கை வைக்கிறார், தெரிகிறது. ஒரே ஒரு நிமிஷம்.

தமிழ்நாட்டில் பல ஊர்களில் பழைய கல் ஒன்று பதித்திருக்கும். சில இடத்தில் பள்ளிக்கூடச் சுவரில், சில இடத்தில் சாவடித் திண்ணையில். சுண்ணாம்பு பூசிப் பூசி எழுத்து மங்கியிருக்கும். இங்கிலீஷில் இரண்டே வரி. முதல் உலகப் போர், 1914 முதல் 1919 வரை. இந்தக் கிராமத்திலிருந்து போனவர்கள் இத்தனை பேர், அவர்களில் உயிர் கொடுத்தவர்கள் இத்தனை பேர். அவ்வளவுதான். எண்ணிக்கை இருக்கும். பெயர் இருக்காது. துரைமார் கல்லறைக்குப் போனால் பெயர், பிறந்த ஊர், வயசு, மனைவி பெயர் எல்லாம் அழகாக வெட்டியிருக்கும். உங்கள் ஊரில் அப்படி ஒரு கல் இருந்தால், போய் அந்தச் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு, பக்கத்துத் தெருப் பெரியவர்களிடம் அந்த எண்ணுக்குள் யார் யார் என்று கேட்டு வையுங்கள். ஒரு பெயர் கிடைத்தாலும் எனக்குக் கடிதம் போடுங்கள்.

மணி அடித்துவிட்டது. உட்கார்கிறேன்.